கழுதைப்புலிக்கு எதிரான சான்று

சிறுவர்களோடு அமர்ந்து ஒரு திரைப்படத்தைக் காண்பது பெரியோருக்கும் நல்லதொரு பயிற்சியாகும். திரையை விட்டு அவர்களது முகங்களைச் சற்றே நோக்கினால், எவ்விடத்தில் மகிழ்கிறார்கள், எவ்விடத்தில் அஞ்சுகிறார்கள், யாரைக் கண்டு சிரிக்கிறார்கள் என்பதெல்லாம் நமக்குப் புலப்படும். 'தி லயன் கிங்' என்னும் கார்ட்டூன் திரைப்படத்தை இவ்வாறு காண்போர் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். தந்தைச் சிங்கம் மடியும்போது பிள்ளைகள் கண் கலங்குகின்றனர். கழுதைப்புலிகள் தோன்றும்போது சிரிக்கின்றனர். அவை அடிபட்டு ஓடும்போது இன்னும் உரக்கச் சிரிக்கின்றனர். அவர்களோடு சேர்ந்து நாமும் சிரிக்கிறோம்.

படம் நிறைவுறும் காட்சி அழகானது. வறண்டு கிடந்த நிலம் மழையால் பசுமை பெறுகிறது. யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மானும் பறவைகளும் மீண்டும் பாறையின் அடியில் கூடுகின்றன. புதிதாய்ப் பிறந்த சிங்கக்குட்டி உயர்த்திக் காட்டப்படுகிறது. எல்லா உயிர்களும் ஒரே வட்டத்தில் அடங்குகின்றன என்பதே அக்காட்சி நமக்கு உணர்த்த விரும்பும் செய்தி. ஆனால் அந்தக் கூட்டத்தில் கழுதைப்புலிகள் இல்லை. அவை எங்கே சென்றன என்று படம் சொல்லவில்லை, நாமும் கேட்பதில்லை.

கேட்காமல் விட்ட இந்தக் கேள்வியே இக்கட்டுரையின் பொருள். ஒரு கதையில் யார் இடம்பெறுகிறார்கள், எவ்வாறு இடம்பெறுகிறார்கள் என்பது கலையைப் பற்றிய கேள்வி மட்டும்தானா? அல்லது அறத்தைப் பற்றிய கேள்வியும் ஆகுமா? ஒருவரைச் சித்திரிப்பதன் வாயிலாகவே அவருக்கு அநீதி இழைக்க முடியுமா? முடியும் என்பதே நமது எண்ணம். அதனை ஒரு விலங்கின் கதையைக் கொண்டு விளக்க முயல்வோம்.

குரல்களும் இடங்களும்

வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் இப்படம் 1994-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. ரோஜர் ஆலர்ஸ், ராப் மின்காஃப் ஆகிய இருவரும் இயக்கினர். ஹான்ஸ் ஸிம்மரின் இசைக்கும், எல்ட்டன் ஜான், டிம் ரைஸ் ஆகியோரின் பாடலுக்கும் ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. கதை நடப்பது ஆப்பிரிக்கப் புல்வெளியில். பாத்திரங்களின் பெயர்கள் பலவும் கிழக்காப்பிரிக்காவின் சுவாகிலி மொழிச் சொற்கள். படத்தின் தொடக்கத்தில் கதிரவன் எழும்போது ஒலிக்கும் சூலு மொழிக் குரல் லெபோ எம் என்னும் தென்னாப்பிரிக்கக் கலைஞருடையது. நிறவெறி ஆட்சியின் காலத்தில் தாயகம் விட்டு அமெரிக்காவில் வாழ்ந்தவர் அவர். அதே 1994-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் தென்னாப்பிரிக்காவின் எல்லா இனத்தாரும் முதன்முறையாக ஒன்றாய் வாக்களித்தனர். அந்த ஆண்டில், அந்தக் குரல் உலகின் திரையரங்குகளில் ஒலித்தது சிறிய செய்தியன்று.

இதே நிறுவனத்தின் பழைய படங்களோடு ஒப்பிட்டால் மாற்றம் தெளிவாகும். 1941-ல் வெளிவந்த 'டம்போ' படத்தில், பெரிய காதுகளுக்காக எள்ளி நகையாடப்பட்ட யானைக்குட்டிக்கு உதவும் காக்கைகள் கறுப்பின மக்களைக் கேலியாகப் போலச் செய்பவை. அவற்றின் தலைமைக் காக்கைக்குக் குரல் கொடுத்தவரோ ஒரு வெள்ளையர். 1955-ல் வந்த 'லேடி அண்ட் தி டிராம்ப்' படத்தில் சயாமியப் பூனைகள் இரண்டும் ஆசிய மக்களின் பேச்சைக் கொச்சையாக்கிக் காட்டின. 1970-ன் 'அரிஸ்டோகேட்ஸ்' படத்திலும் அதே குறை உண்டு. 2020-ஆம் ஆண்டில் அந்நிறுவனமே தனது இணைய ஒளிபரப்பில் இத்தகைய படங்களின் முகப்பில், இச்சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்னும் பொருள்படும் அறிவிப்பைச் சேர்த்தது.

'தி லயன் கிங்' அவ்வகைக் கேலியில் இறங்கவில்லை. பெருமிதம் நிறைந்த தந்தை முஃபாசாவுக்குக் குரல் தந்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். ஞானியாகிய ரஃபிக்கிக்குக் குரல் தந்தவர் ராபர்ட் கியோம். இருவரும் கறுப்பின அமெரிக்கர்கள். ஆயினும் படம் வெளிவந்த அக்கோடையிலேயே அமெரிக்காவில் சிலர் ஒரு குறையைச் சுட்டினர். கழுதைப்புலிகளில் பேசும் இரண்டுக்கும் குரல் தந்தவர்கள் கறுப்பினத்தவரான ஊப்பி கோல்ட்பெர்க்கும், மெக்சிக்க வழிவந்தவரான சீச் மாரினும். பெருநகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் கேட்கும் பேச்சின் சாயலை அவ்விலங்குகளுக்குக் கொடுத்துவிட்டு, அரச குடும்பத்தின் வாரிசான சிம்பாவின் பேச்சுக்கு வெள்ளையின நடிகர்களைத் தேர்ந்தது ஏன் என்பது அவர்களின் வினா.

இருதரப்பினரும் தலைகளை எண்ணிக்கொண்டே போகலாம். மாண்புமிக்க அரசனின் குரல் கறுப்பினத்தவருடையது என்று ஒருவர் சொல்வார். எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் குரலும் அவர்களுடையதே என்று மற்றவர் சொல்வார். இரண்டும் உண்மை. எனவே எத்தனை பேர் இடம்பெற்றனர் என்ற கணக்கு நம்மை ஒரு முடிவுக்குக் கொண்டு செல்லாது. கதைக்குள் அவர்கள் நிற்கும் இடத்தையும், அந்த இடம் அவர்களுக்கு ஏன் தரப்பட்டது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால்

படத்தின் தொடக்கத்தில் தந்தை மகனை உயர்ந்த பாறைக்கு அழைத்துச் செல்கிறது. ஒளி படும் நிலமெல்லாம் நமது அரசு என்று காட்டுகிறது. தொலைவில் நிழல் சூழ்ந்த ஓரிடம் தெரிகிறது. அது நம் எல்லைக்கு அப்பாற்பட்டது, அங்கே ஒருபோதும் போகக்கூடாது என்று எச்சரிக்கிறது. அந்த நிழல் நிலம் யானைகளின் எலும்புகள் குவிந்த இடுகாடு. அங்கேதான் கழுதைப்புலிகள் வாழ்கின்றன, பசியோடு வாழ்கின்றன.

அவை ஏன் அங்கே தள்ளப்பட்டன? படம் விடை தருவதில்லை. எந்தக் குற்றத்துக்காக, யாருடைய தீர்ப்பால், எத்தனை தலைமுறைக்கு என்பவை கேட்கப்படாத கேள்விகள். அரசவைப் பறவை அவற்றை இழிவாகப் பேசுகிறது. அதுவே போதிய காரணமாக நமக்குத் தோன்றிவிடுகிறது. அரசனின் தீய தம்பியாகிய ஸ்கார், இனி உங்களுக்குப் பசி இராது என்று வாக்களித்தே அவற்றைத் தன் பக்கம் சேர்க்கிறது. அவை அதன் முன் அணிவகுக்கும் காட்சி, 1930-களில் நாசிகள் நடத்திய அணிவகுப்புகளை நினைவூட்டும் வகையில் வரையப்பட்டுள்ளது. பசித்தவர்களின் ஆவேசம் கொடுங்கோலர்களின் ஆவேசமாக நமக்குக் காட்டப்படுகிறது.

பின்னர் அவை சிங்கங்களின் நிலத்துக்குள் நுழைகின்றன. நுழைந்ததும் மழை பொய்க்கிறது, மந்தைகள் அகல்கின்றன, நிலம் சாம்பல் நிறமாகிறது. அவை விரட்டப்பட்டதும் மழை பெய்கிறது. வெளியார் உள்ளே வந்ததால் நாடு கெட்டது, அவர்கள் போனால் செழிக்கும் என்னும் கூற்று எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும் ஒலிக்கக்கூடியது. அக்கூற்றை ஓர் ஐந்து வயதுக் குழந்தை சொற்களின்றி, நிறங்களின் வழியாகவே இங்கே கற்றுக்கொள்கிறது.

பெயரிலும் ஒரு செய்தி உண்டு. சிம்பா என்றால் சுவாகிலியில் சிங்கம். ரஃபிக்கி என்றால் நண்பன். கழுதைப்புலிகளின் தலைவிக்கு இட்ட பெயர் ஷென்ஸி. நாகரிகமற்ற, காட்டுமிராண்டித்தனமான என்பது அச்சொல்லின் பொருள். கிழக்காப்பிரிக்கக் கடற்கரை நகரங்களின் மக்கள் உள்நாட்டு மக்களைத் தாழ்த்திப் பேச அச்சொல்லை வழங்கி வந்தனர். சிங்கத்துக்கு அதன் இயல்பான பெயரே பெயராக, கழுதைப்புலிக்கோ பிறர் இட்ட வசைச்சொல்லே பெயராக அமைந்தது. நம் தமிழிலும் 'கழுதைப்புலி' என்னும் பெயர் அவ்விலங்குக்கு அதற்கெனத் தனியாய் ஒரு மதிப்பைத் தரவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கதைக்குத் தீமை வேண்டாமா என்று சிலர் கேட்பர். வேண்டும், தீமை இல்லாத கதையில் நன்மைக்கும் வேலை இல்லை. மேலும் இப்படத்தின் மாபெரும் தீமை புரிவது கழுதைப்புலியன்று, ஸ்கார் என்னும் சிங்கமே என்பதும் உண்மை. தன் உடன்பிறப்பைக் கொன்றது அரச குடும்பத்துக்குள்ளேயே இருந்த ஒருவன். இது இப்படத்துக்குப் பெருமை சேர்க்கும் கூறு.

ஆனால் இங்கேதான் நாம் ஆழ்ந்து நோக்க வேண்டிய வேறுபாடு இருக்கிறது. ஸ்காரின் தீமை ஸ்காருடையது. அதைக் கண்டு எந்தக் குழந்தையும் சிங்கங்கள் தீயவை என்று எண்ணுவதில்லை. முஃபாசாவும் சிம்பாவும் நாலாவும் சிங்கங்களே அன்றோ? கழுதைப்புலிகளின் தீமையோ அவற்றின் இனத்துடையது. அவற்றுள் ஒன்றேனும் நல்லதாக, தாயாக, குட்டிக்காக அஞ்சுவதாக, மறுத்து நிற்பதாக நாம் காண்பதில்லை. மதிக்கப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவன் தவறு செய்தால் அது அவன் தவறு. விலக்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவன் தவறு செய்தால் அது அவன் கூட்டத்தின் இயல்பு. நம் அன்றாட உரையாடல்களில், செய்தித்தாளைப் படித்துவிட்டு நாம் உதிர்க்கும் சொற்களில், இந்த இரட்டை அளவுகோல் எத்தனை முறை வெளிப்படுகிறது என்பதை நம் மனச்சான்று அறியும்.

இரவில் கண்ட உண்மை

கழுதைப்புலியைப் பற்றிய இந்தச் சான்று உண்மைதானா? விலங்கியலார் இதற்கு விடை கண்டுள்ளனர்.

ஹான்ஸ் க்ரூக் என்னும் நெதர்லாந்து விலங்கியலார் 1960-களில் தான்சானியாவின் செரங்கெட்டிச் சமவெளியிலும் இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்திலும் புள்ளிக் கழுதைப்புலிகளை ஆய்ந்தார். அதுவரை பெரும்பாலோர் அறிந்திருந்தது ஒன்றே. விடியற்காலையில் சுற்றுலா வண்டிகள் செல்லும்போது, சிங்கம் இரையைத் தின்றுகொண்டிருக்கும். கழுதைப்புலிகள் சற்றுத் தள்ளிச் சுற்றி நிற்கும். அரசன் வேட்டையாடி உண்கிறான், பிச்சைக்காரர்கள் மிச்சத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எல்லோரும் முடிவு செய்தனர். க்ரூக் நிலவொளியில், இரவு முழுவதும் அவ்விலங்குகளைப் பின்தொடர்ந்தார். அவர் கண்டது வேறு. கழுதைப்புலிகள் கூட்டமாக ஓடி வேட்டையாடின. அவற்றின் ஆரவாரத்தைக் கேட்டுச் சிங்கங்கள் வந்து இரையைப் பறித்துக்கொண்டன. வேட்டையாடியவை ஒதுங்கி நின்றன. விடிந்ததும் மனிதர்கள் வந்து பார்த்துத் தீர்ப்பளித்தனர். அவர் தம் ஆய்வை 1972-ல் நூலாக வெளியிட்டார்.

கழுதைப்புலியும் சில வேளைகளில் சிங்கத்தின் இரையைப் பறிப்பது உண்டு. அதனைப் புனிதராக்க நாம் முயலவில்லை. ஆனால் புள்ளிக் கழுதைப்புலி தன் உணவில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடிக்கொள்கிறது என்பது நிலைநாட்டப்பட்ட செய்தி. அவற்றின் கூட்டத்தில் பெண்களே தலைமை தாங்குகின்றன. ஒன்றையொன்று தனித்தனியே அடையாளம் காண்கின்றன. தாய் தன் குட்டிகளுக்கு ஓராண்டுக்கும் மேலாகப் பாலூட்டுகிறது.

அவற்றின் சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் மூன்றாவது கழுதைப்புலியாகிய எட் பேசுவதே இல்லை. சிரிப்பது ஒன்றே அதன் தொழில். அறிவற்றது என்பதற்கு அதுவே அடையாளம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1985 முதல் கழுதைப்புலிகளை வளர்த்து ஆய்ந்து வந்தனர். அங்கே நடந்த ஆய்வொன்று 2010-ல் வெளியானது. அந்தச் சிரிப்பொலியில் அவ்விலங்கின் வயதும், கூட்டத்தில் அதற்குள்ள படிநிலையும் பொதிந்துள்ளன என்று அது காட்டியது. பெரும்பாலும் தன்னை மற்றொன்று தாக்கும்போதும், உணவுக்கான போட்டியில் தவிக்கும்போதும் அவ்வொலி எழுகிறது. நாம் கேலிச் சிரிப்பு என்று கேட்டது ஓர் உயிரின் தவிப்பு. தன் கூட்டத்தாரோடு அது பேசும் மொழி.

இதில் ஒரு வியப்பும் உண்டு. படத்தை வரைந்த ஓவியர்கள் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கே சென்று, உயிருள்ள கழுதைப்புலிகளைக் கண்டு வரைந்து வந்தனர். அவ்விலங்கின் பெயர் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கிருந்த ஆய்வாளர்களின் விருப்பமாக இருந்தது. ஓவியர்கள் உடலைக் கூர்ந்து பார்த்தனர். நடையையும் முதுகின் சாய்வையும் துல்லியமாக வரைந்தனர். பெயர் மட்டும் பழையபடியே இருந்தது. நேரில் பார்த்தும் மாறாத அளவுக்கு ஒரு சித்திரம் வலிமையுடையதாக இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று நாம் தேட வேண்டும்.

நம் நூலகத்தில் உள்ள சித்திரம்

தேடிச் சென்றால் நம் வீட்டு வாசலிலேயே வந்து நிற்போம். பெர்க்லி ஆய்வாளர்களுள் ஒருவரான ஸ்டீபன் கிளிக்மன், அரிஸ்டாட்டில் காலம் முதல் இப்படம் வரை கழுதைப்புலியின் பெயர் எவ்வாறு கெட்டது என்பதை ஆய்ந்து 1995-ல் ஒரு கட்டுரை எழுதினார்.

கழுதைப்புலி ஓராண்டு ஆணாகவும் மறு ஆண்டு பெண்ணாகவும் மாறும் என்றொரு நம்பிக்கை பண்டைய கிரேக்கரிடையே இருந்தது. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் அது தவறென்று மறுத்தார். புள்ளிக் கழுதைப்புலியில் பெண்ணின் உடலமைப்பும் ஆணினுடையதைப் போன்று தோன்றுவது அந்நம்பிக்கையை வளர்த்திருக்கலாம். மறுக்கப்பட்ட பின்னரும் அது அழியவில்லை. கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுந்த 'பிசியோலோகஸ்' என்னும் நூல் அதனை ஏற்றுக்கொண்டது. விலங்குகளின் இயல்புகளைச் சொல்லி, அவற்றிலிருந்து சமய உண்மைகளை விளக்குவது அந்நூலின் முறை. அது இலத்தீனிலும் கீழைத் திருச்சபைகளின் மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, இடைக்கால ஐரோப்பாவின் விலங்கு நூல்களுக்கு மூலமாயிற்று.

அந்நூல் சிங்கத்தைப் பற்றிச் சொல்வது நமக்கு இனிப்பானது. சிங்கக்குட்டி உயிரின்றிப் பிறக்கிறதாம். மூன்றாம் நாள் தந்தைச் சிங்கம் வந்து அதன் முகத்தில் ஊத, அது உயிர் பெறுகிறதாம். ஆண்டவரின் உயிர்ப்புக்கு அது அடையாளம் என்று அந்நூல் விளக்குகிறது. கழுதைப்புலிக்குத் தந்த விளக்கமோ கசப்பானது. இரு தன்மை உடையது, தூய்மையற்றது. முதலில் உண்மைக் கடவுளை வணங்கிப் பின் சிலைகளை வணங்கிய இஸ்ரயேல் மக்களை அது ஒத்தது என்று அந்நூல் சொல்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளின் விலங்கு நூல்கள் அதனைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தன. கல்லறையைத் தோண்டிப் பிணம் தின்னும் விலங்காக அதனை வண்ண ஓவியங்களில் தீட்டின.

இந்த ஓவியங்களை வரைந்தோர் பலர் துறவு மடங்களைச் சார்ந்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் கழுதைப்புலியைக் கண்ணால் கண்டதில்லை. யூதரை அவர்கள் கண்டிருந்தனர். ஐரோப்பிய நகரங்களில் யூத மக்கள் ஒதுக்கப்பட்டு, அடையாளச் சின்னம் அணியக் கட்டாயப்படுத்தப்பட்டு, நாடு கடத்தப்பட்டும் வந்த நூற்றாண்டுகள் அவை. இங்கிலாந்து 1290-ல் தன் யூதர் அனைவரையும் வெளியேற்றியது. விலங்கைப் பற்றிய ஒரு பொய்ச் சான்று, மக்களைப் பற்றிய ஒரு பொய்ச் சான்றுக்குத் துணை நின்றது. ஓவியம் தனியே எவரையும் கொல்வதில்லை. ஆனால் யாருக்காக அழ வேண்டும், யாரைக் கண்டு சிரிக்கலாம் என்பதை அது முன்னதாகவே கற்பித்து விடுகிறது.

அந்த நூல்களில் எலும்புகளுக்கும் கல்லறைகளுக்கும் நடுவே நின்ற விலங்கை, 1994-ல் யானைகளின் இடுகாட்டில் மீண்டும் காண்கிறோம். ஓவியர்கள் இடைக்கால ஏடுகளைப் புரட்டி வரைந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் புரட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒரு சித்திரம் போதுமான காலம் புழங்கினால் அதற்கு ஏடு தேவைப்படாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட 'நோஸ்த்ரா எத்தாத்தே' ஏட்டை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். யூத மக்களைக் கடவுளால் கைவிடப்பட்டோராகவோ சபிக்கப்பட்டோராகவோ எடுத்துக்காட்டலாகாது என்று சங்கம் அதில் கற்பித்தது. அப்போதனையின் கவலை சித்திரிப்பைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். மறையுரையிலும் மறைக்கல்வியிலும் ஒரு மக்களை எவ்வாறு காட்டுகிறோம் என்பது அறத்துக்கு உட்பட்ட செயல் என்று திருச்சபையே ஏற்றுக்கொண்டது. அவ்வாறு ஏற்றுக்கொள்ள எத்தனையோ நூற்றாண்டுகளும், ஐரோப்பிய யூதர்களின் பேரழிவும் தேவைப்பட்டன என்பது நாம் தலை குனிந்து எண்ண வேண்டிய உண்மை. பொய்ச் சான்று என்றால் நீதிமன்றத்தில் சொல்லும் பொய் மட்டுமே என்று நாம் சிறு வயதில் எண்ணியிருப்போம். ஒரு கூட்டத்தாரைப் பற்றி நாம் வரையும் படமும், சொல்லும் நகைச்சுவையும் சான்றுகளே.

திருத்தும் முயற்சிகள்

தவறுகளைத் திருத்த முயற்சிகள் நடந்தன என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். இப்படம் 1997-ல் நியூயார்க் நகரில் மேடை நாடகமாயிற்று. அதனை இயக்கிய ஜூலி டேமர், கதையில் வலிமையான பெண் பாத்திரம் இல்லை என்பதை உணர்ந்து, ஞானி ரஃபிக்கியைப் பெண்ணாக மாற்றினார். ஆப்பிரிக்க மொழிப் பாடல்கள் மிகுதியாகச் சேர்ந்தன. தென்னாப்பிரிக்கக் கலைஞர்கள் மேடையேறினர். 2019-ல் புதிய தொழில்நுட்பத்தில் மீண்டும் எடுக்கப்பட்ட படத்தில், சிம்பாவுக்கு டானல்ட் குளோவரும் நாலாவுக்குப் பியான்சேயும் குரல் தந்தனர். சிங்கங்களின் முதன்மைக் குரல்கள் கறுப்பினக் கலைஞர்களின் குரல்களாயின.

இவை வரவேற்கத்தக்கவை. தம்மைப் போன்றவர்களின் குரல் அரசனின் வாயில் ஒலிப்பதைக் கேட்கும் குழந்தைக்கு அது ஒரு கொடை. ஆயினும் எல்லைக் கோடு அதே இடத்தில்தான் இருந்தது. குரல்கள் மாறின, நிழல் நிலம் மாறவில்லை. யார் அரசராகலாம் என்னும் கேள்விக்கு விடை விரிந்தது. யார் வெளியே நிற்க வேண்டும் என்னும் கேள்வி மீண்டும் எழுப்பப்படவே இல்லை.

இன்னொரு கதையும் இங்கே இணைகிறது. படத்தில் கீரியும் காட்டுப்பன்றியும் சிங்கம் உறங்குவதைப் பற்றிய ஒரு பாடலைப் பாடிக்கொண்டு நடக்கின்றன. அதன் மூலம் சாலமன் லிண்டா என்னும் சூலு இனப் பாடகர் 1939-ல் ஜொகானஸ்பர்க்கில் பதிவு செய்த 'இம்பூபே' என்னும் பாடல். சூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். அப்பாடல் அமெரிக்காவுக்குச் சென்று வேறு வடிவங்கள் பெற்று, 1961-ல் உலகப் புகழ் அடைந்தது. லிண்டா சொற்பத் தொகையோடு விடப்பட்டு, 1962-ல் வறுமையில் இறந்தார். அவரது கல்லறைக்கு ஒரு கல் நாட்டவும் குடும்பத்தாரால் பல ஆண்டுகள் இயலவில்லை. ரியான் மலான் என்னும் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் 2000-ல் இதனை வெளிக்கொணர்ந்தார். 2004-ல் வழக்குத் தொடுக்கப்பட்டது. உரிமை பெற்றே பாடலைப் பயன்படுத்தியதாகப் பட நிறுவனம் கூறியது. 2006-ல் உரிமை வைத்திருந்த அமெரிக்க நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டு, லிண்டாவின் மகள்களுக்குப் பங்கு கிடைத்தது.

ஆப்பிரிக்காவின் இசை படத்தில் இருந்தது. அதைப் பாடியவரின் பிள்ளைகளுக்கு உரிய கூலி நெடுங்காலம் வரவில்லை. ஆகவே ஒருவருக்கு இடம் தருவது என்பதில் மூன்று கடமைகள் அடங்கியுள்ளன. அவரை உள்ளே சேர்க்க வேண்டும். அவரைப் பற்றி உண்மை சொல்ல வேண்டும். அவருக்குரியதை அவருக்குக் கொடுக்க வேண்டும். முதலாவதோடு நிறுத்திக்கொள்வது எளிது. விழா மேடையில் ஒருவரை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்வது போன்றது அது. மற்ற இரண்டும் இல்லையேல் முதலாவது நமக்கு நாமே செய்துகொள்ளும் உபசாரமாகிவிடும்.

நாம் என்ன செய்வது?

விலங்குக்கு மானம் ஏது, கார்ட்டூன் படத்தில் இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர் கேட்கலாம். கழுதைப்புலி படம் பார்ப்பதில்லை என்பது உண்மையே. படம் பார்ப்பவர்கள் நம் பிள்ளைகள். குழந்தைக்கு முதன்முதலில் நல்லதும் தீயதும் உருவம் பெறுவது விலங்குக் கதைகளில்தான். நரி தந்திரமானது, கழுதை மூடமானது, காக்கை கறுப்பானது என்று கற்ற பின்னரே மனிதரைப் பற்றிக் கற்கிறது. ஒரு கூட்டம் முழுவதும் ஒரே குணம் உடையதாக இருக்க முடியும் என்னும் எண்ணத்தை விலங்கிடம் பழகிய மனம், பின்னர் அதனை அயலாரிடம் பொருத்துவது கடினமன்று. இடைக்கால விலங்கு நூல்கள் அதற்குச் சான்று.

அதற்காக இப்படத்தை வீட்டுக்குள் விடலாகாது என்று நாம் கூற வரவில்லை. தந்தையின் அன்பையும், குற்ற உணர்வால் ஓடிப்போன மகன் கடமைக்குத் திரும்புவதையும் இத்தனை அழகாகச் சொல்லும் படங்கள் குறைவு. நம் பிள்ளைகள் அதனைப் பார்க்கட்டும். நாமும் உடன் அமர்ந்து பார்ப்போம். தடை செய்த வீட்டில் கேள்விகள் பிறப்பதில்லை. பார்த்து முடித்தபின், கழுதைப்புலிகள் எங்கே போயிருக்கும் என்று ஒரு முறை கேட்டால் போதும். பிள்ளைகள் சொல்லும் விடைகள் நம்மை வியக்க வைக்கும். அவற்றுக்கும் குட்டிகள் இருந்திருக்குமா, அவற்றுக்கு யார் உணவு கொடுப்பார்கள் என்று அவர்களே கேட்கத் தொடங்குவார்கள். நாம் வளர்ந்ததனால் மறந்துபோன கேள்விகள் அவை.

அந்தக் கேள்வி நம்மையும் விட்டுவிடாது. நம் தெருவில், நம் பணியிடத்தில், நம் பங்கின் கூட்டங்களில், ஒளி படும் நிலமெல்லாம் நமது என்று நாம் சுட்டிக்காட்டும்போது, விரல் காட்டாமல் தாண்டிச் செல்லும் நிழல் நிலம் எது? அங்கே வாழ்வோரைப் பற்றி நாம் அறிந்ததாக எண்ணுவது யார் சொன்னது? அவர்களின் பேச்சுக்குக் காது கொடுத்தோமா, அல்லது அதனைச் சிரிப்பொலி என்று முன்னரே முடிவு கட்டினோமா?

இங்கோரோங்கோரோவில் அந்த ஆய்வாளர் செய்தது பெரிய அற்புதம் ஒன்றுமில்லை. மற்றவர்கள் உறங்கப்போன வேளையில் அவர் விழித்திருந்தார். நடந்ததைத் தொடக்கத்திலிருந்து பார்த்தார். விடிந்தபின் வந்தவர்கள் கண்டதும் பொய்யன்று. சிங்கம் தின்றது, கழுதைப்புலி காத்து நின்றது என்பவை உண்மைகளே. ஆனால் அவர்கள் தாமதமாய் வந்தவர்கள். வந்தவுடனே சான்று சொல்லத் தொடங்கியவர்கள். பிறரைப் பற்றிச் சான்று சொல்ல வாய் திறக்கும் முன், நாம் எந்த வேளையில் வந்து பார்த்தோம் என்று நம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.